480 குதிரைகளும் ஒரு படகும்

இரண்டு கதவு மஸ்டாங் காரைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளையும் பனிக்காலத்தையும் ஏரிக்கரைக்குப் போகும் படகையும் சமாளிக்கிற வண்டி ஒன்று எடுக்கலாமா என்ற பேச்சு ஒன்ராறியோத் தமிழ் வீடுகளிலும் எழத்தான் செய்கிறது. பேச்சு தொடங்கியதுமே அறிவுரைகளும் வந்துவிடும். பிறந்தநாள் விழாவில் தட்டோடு நிற்பவர் ஒவ்வொருவரும் இந்த விஷயத்தில் நிபுணர். அவர்கள் சொல்வதில் சில வெறும் பிழை, சில ஆபத்தான பிழை.

“480 குதிரைவலு இருக்கிறதே, இந்தக் காரே இழுக்காதா?” 2024 மாடல் மஸ்டாங் ஜிடியின் எஞ்சின் அவ்வளவு வலுத் தருவது உண்மைதான். ஆனால் அந்த வலு முழுதாகக் கிடைப்பது நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளைத் தாண்டிய பிறகு. படகோடு ஈரமான சரிவில் ஏறும்போது வேண்டியது, குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் முறுக்குவிசை. ஃபோர்ட் எஃப்-150 பிக்கப்பின் 2.7 லீற்றர் எஞ்சினுக்கு 325 குதிரைவலுதான். ஆனாலும் ஏறக்குறைய மஸ்டாங் அளவு முறுக்குவிசையை அது 3,000 சுற்றுக்குள் கொடுத்துவிடும். அதைவிட முக்கியம், இழுவையை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. கியர்பெட்டியின் சூட்டை ஆற்றும் வசதி, பின் ஸ்பிரிங், சட்டகம், பிறேக் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் கையேடு ஒரே வரியில் முடித்துவிடுகிறது: ட்ரெய்லர் இழுக்கவே கூடாது. எடையை நகர்த்துவது எளிது, இறக்கத்தில் அதை நிறுத்துவதுதான் பாடு.

அடுத்த நம்பிக்கைதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. “விளம்பரத்தில் இழுவைத்திறன் 2,268 கிலோ என்று போட்டிருக்கிறது. ஆகவே அந்த எடை வரைக்கும் எந்த ட்ரெய்லரையும் கொழுவலாம்.” அந்த எண் பொய்யில்லை. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல ஓர் எண்ணைச் சொல்லிவந்தது. 2008இல் எஸ்ஏஇ ஜே2807 என்ற இழுவைச் சோதனை விதிமுறை வெளியான பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் படிப்படியாக ஒரே சோதனைக்கு வந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கமிருந்து தொடங்கும் 18 கிலோமீற்றர் ஏற்றம். வெயில் 38 பாகைக்குக் குறையக்கூடாது, ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும், வண்டி மணிக்கு 64 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கக்கூடாது. கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கிடுவது தலா 68 கிலோ எடையுள்ள இரண்டே பேரை. நம் வீட்டில் இரண்டு பேர் மட்டும் ஏறிக்கொண்டு எந்தப் பூங்காவுக்குப் போயிருக்கிறோம்?

சாரதிக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அது சொல்லும். ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் என்ற கொழுவியின் மீது, அதாவது உங்கள் வண்டியின் முதுகில், இறங்குகிறது. அந்தப் பாரமும் இந்தக் கணக்கில்தான் சேரும். மூன்று வரிசை எஸ்யூவி ஒன்றின் ஸ்டிக்கரில் 590 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிரப்பிய ட்ரெய்லர் 2,000 கிலோ, அதில் 12 சதவீதம் 240. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் 260. பெட்டிகள், குளிர்பெட்டி, இரண்டு சைக்கிள், அம்மா கட்டித்தந்த சாப்பாடு எல்லாம் 90. ஹிட்ச் இரும்பு 15. மொத்தம் 605. இழுவைத்திறனில் 268 கிலோ மிச்சம் இருக்கும்போதே சுமைத்திறன் முடிந்துபோயிற்று. இதற்கும் மேலாக, கேம்பர் ட்ரெய்லர் விற்பவர் காட்டும் எடை வெறும் எடை. தண்ணீர்த் தொட்டியில் 150 லீற்றர் ஊற்றினால் 150 கிலோ கூடும். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லொறி எடைமேடை ஒன்றில் நிறுத்திப் பார்ப்பதுதான் ஒரே நம்பகமான வழி.

வண்டியின் பெயர் ஒன்றென்றால் திறனும் ஒன்றென்று நினைப்பதும் தவறு. ஹொண்டா பைலட்டை நான்கு சில்லு இயக்கத்தோடு எடுத்தால் 2,268 கிலோ, இல்லாமல் எடுத்தால் 1,588. ஃபோர்ட் மாவரிக்கில் ட்ரெய்லர் இழுவைப் பொதி இருந்தால் திறன் இரட்டிப்பாகும். பழைய வண்டி வாங்குபவர்கள் இதை விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், அந்த வண்டியின் பாகப் பட்டியலில் பார்க்க வேண்டும்.

“ஜேர்மனியில் என் மச்சான் இதே காரில் இரண்டு மடங்கு இழுக்கிறான்.” மச்சான் பொய் சொல்லவில்லை. 2019இல் வந்த டொயோட்டா ரவ்4 ஹைபிரிட்டை நான்கு சில்லு இயக்கத்தோடு எடுத்தால் ஐரோப்பாவில் 1,650 கிலோ, இங்கே ஏறக்குறைய 794. காரணம் கார் அல்ல, சாலை. ஜேர்மனியில் ட்ரெய்லரோடு போகும் காருக்குப் பொதுவான வரம்பு 80 கிலோமீற்றர், தனி அனுமதி பெற்றால் 100. வேகம் குறைவென்பதால் அங்கே ஹிட்ச் மீது குறைந்த பாரமே போதும். இங்கே 401 நெடுஞ்சாலையில் எல்லோரும் போகிற வேகத்தில் அதே மாதிரி ஏற்றினால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்படி ஆடும்போது வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்பது இன்னொரு கட்டுக்கதை, உயிரோடு விளையாடுகிற கதை. காலை எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும். ட்ரெய்லருக்குத் தனி பிறேக் கட்டுப்பாடு இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்தலாம். காரின் பிறேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. பாரத்தை அச்சுக்கு முன்பக்கமாகச் சற்றுக் கூடுதலாக வைத்தால் இந்த நிலை வருவதே அரிது.

சட்டம் பற்றிய பயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 4,600 கிலோ வரையிலான ட்ரெய்லருக்கு ஒன்ராறியோவின் சாதாரண ஜி உரிமமே போதும். மொத்த எடை 1,360 கிலோவை எட்டும் ட்ரெய்லருக்குத் தனி பிறேக் கட்டாயம். வாகனத் தயாரிப்பாளர்கள் பலர் 450 கிலோவைத் தாண்டினாலே கேட்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்பது நல்லது.

பெரிய பிக்கப் இல்லாமல் முடியாது என்பதையும் நம்பாதீர்கள். இரண்டு பேர் மீன்பிடிக்கும் அலுமினியப் படகும் அதன் ட்ரெய்லரும் ஒரு தொன்னுக்குள் அடங்கும். ஹொண்டா ஒடிசியும் டொயோட்டா சியன்னாவும் 1,588 கிலோ இழுப்பவை. மினிவான் என்றதும் மஸ்டாங் வைத்திருந்தவரின் முகம் போகிற போக்கை நான் அறிவேன். ஆனாலும் தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடி, கோடையில் சில வார இறுதிகள் மட்டும் படகை இழுக்கிற வண்டிக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு.

கடைசியாக, “டீலரிடம் கொடுத்தால் நட்டம், தனியாக விற்றால்தான் காசு.” எப்போதும் அப்படியில்லை. ஒன்ராறியோவில் பழைய காரை டீலரிடம் மாற்றாகக் கொடுத்தால் விலை வித்தியாசத்துக்கு மட்டுமே 13 சதவீத வரி. 50,000 டொலர் வண்டிக்கு 30,000 டொலர் கார் கொடுத்தால் 3,900 டொலர் வரி மிச்சம். தனியாரிடம் விற்கும்போது டீலர் தருவதைவிட அந்தளவு கூடுதலாகக் கிடைத்தால்தான் அலைச்சலுக்கு அர்த்தம் உண்டு. கூரை திறக்கும் காரென்றால் எப்படி விற்பதானாலும் ஜனவரியில் விற்கப் போகாதீர்கள்.