காட்டுத் தரையில் வாழும் எறும்புகளும் அவற்றின் கூடுகளும்

எறும்பு என்றவுடன் குடியானவர்களின் நினைவுக்கு வருவது, விதைத்த எள்ளையும் கேழ்வரகையும் இழுத்துச் செல்லும் சிறு ஜந்துவேயாம். அதனால் எறும்புகள் யாவும் பயிருக்குப் பகை எனக் கருதி, காட்டோரத்து நிலங்களில் சருகுக்குத் தீ வைத்தும், கண்ட வளைகளிலெல்லாம் மருந்து தூவியும் அவற்றை ஒருங்கே அழிக்க முற்படுவோர் உளர். இஃது ஆராயாமற் செய்யும் காரியமாகும். எறும்புகளில் நன்மை செய்வன பல. பெருந்தீமை செய்வன சில. அவை தங்கும் இடமும் கூடு கட்டும் முறையும் வெவ்வேறானவை. கூட்டைக் கவனித்து எறும்பை இனம் பிரிக்கத் தெரிந்தவர், நண்பனை அழித்துப் பகைவனுக்கு இடங் கொடுக்கும் தவற்றைச் செய்யார்.

வகைகள்

உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள எறும்பினங்கள் 14,000க்கு மேற்பட்டவை. இந்தியாவில் உள்ளவற்றைத் தொகுத்து 2016இல் வெளியிடப்பட்ட அட்டவணையில், 100 பேரினங்களில் அடங்கிய 828 இனங்களும் உள்ளினங்களும் காணப்படுகின்றன. தென்னிந்திய எறும்புகளைப் பற்றிய விவரமான பட்டியலொன்றைச் சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன் என்பவர் 1851ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். பிள்ளையார் எறும்பு, கட்டெறும்பு, செவ்வெறும்பு, முசுறு என நாம் வழங்கும் சில பெயர்களுக்குள் இத்தனை வகைகளும் அடங்கா. இவற்றில் மிகப் பலவற்றின் இருப்பிடம் காட்டுத் தரையே.

கூடுகள் அமையும் இடங்கள்

காட்டுத் தரையை மேலிருந்து கீழாக மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, சருகு அடுக்கு. இங்கு வாழும் எறும்புகளிற் பல கண்ணுக்கு எளிதில் தென்படாத அளவு சிறியவை. உள்ளே துளைபட்ட ஒரு சுள்ளியோ, வெற்றுக் கொட்டையின் ஓடோ ஒரு முழுக் குடும்பத்துக்குப் போதுமானது. சருகில் துள்ளித் திரியும் நுண்பூச்சிகளே இவற்றுள் பலவற்றின் உணவு. தீ வைத்தால் முதலில் அடியோடு அழிவன இவையே. தப்பிச் செல்ல இவற்றுக்கு ஆழமான வளை கிடையாது.

இரண்டாவது, மக்கிய கட்டையும் கல்லின் அடிப்புறமும். உளுத்த மரத்தைப் பிளந்தால் நீண்ட தாடைகளை இருபுறமும் அகல விரித்து நிற்கும் எறும்புகள் சில வேளை வெளிப்படும். இரை தொட்டவுடன் அத்தாடைகள் எலிப்பொறி போல மூடிக்கொள்ளும்.

மூன்றாவது, மண்ணடுக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் குதிக்கும் எறும்பு அரை அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமுடையது. பெரிய கண்களைக் கொண்டு தனியே வேட்டையாடுவது. இதன் மேலறைக்குக் குவிந்த கூரை உண்டு. அவ்வறையைச் சூழ வெற்றிடம் இருப்பதாலும், உட்சுவரில் பழைய கூட்டுப்புழு உறைகள் பதிக்கப்பட்டிருப்பதாலும், மழைநீர் உள்ளே எளிதிற் புகுவதில்லை. குப்பைக்கெனத் தனியறையும் இருக்கிறது. வறண்ட பகுதிகளில் காணும் கருநிறப் பெரிய எறும்பொன்று தன் வளையின் வாயைச் சுற்றிப் பறவை இறகுகளைக் கொணர்ந்து அடுக்குகிறது. விடியற்காலையில் இறகில் படியும் பனித்துளியை எறும்புகள் பருகுகின்றன என்பது 1985இல் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று.

எறும்புகளால் விளையும் நன்மை

வளை தோண்டும் எறும்பு அடிமண்ணை மேலே கொணர்கிறது. அதன் வழிகள் மழைநீரை நிலத்துக்குள் இறக்குகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலமொன்றில் எறும்பையும் கறையானையும் நீக்கிய பாத்திகளோடு ஒப்பிடுகையில், அவை வாழ்ந்த பாத்திகளில் கோதுமை விளைச்சல் 36 சதவீதம் மிகுந்திருந்தது. நீர் நன்கு இறங்கியதும், மண்ணில் தழைச்சத்து மிகுந்ததுமே இதற்குக் காரணமென 2011இல் வெளியிடப்பட்டது. மானாவாரிக் குடியானவர்கள் இதனைக் கருத்திற் கொள்வது நலம்.

ஆமணக்கு விதையின் நுனியில் உள்ள சதைப்பற்றான சிறு முனையை யாவரும் அறிவர். அதனை விரும்பியே எறும்புகள் விதையைத் தூக்கிச் செல்கின்றன. முனையைத் தின்றபின் விதையை முளைக்கும் நிலையிலேயே விட்டுவிடுகின்றன. காட்டுச் செடிகள் பல இவ்வாறே பரவுகின்றன. இவையன்றி, அணிவகுத்துச் சென்று கறையானை வேட்டையாடும் கருநிற எறும்புகளும் நம் நாட்டில் உள.

பகையாவது எது?

மஞ்சள் நிறமும், நீண்ட கால்களும், நீண்ட உணர்கொம்புகளும் உடையதாய், ஒரு நெல்லின் ஏறக்குறைய பாதியளவு நீளத்தில், தாறுமாறாய் விரைந்தோடும் எறும்பொன்று உண்டு. ஆழமான வளையை இது நாடுவதில்லை. கல்லிடுக்கு, விழுந்த கட்டை, மூங்கிற் புதரின் அடி, உதிர்ந்த மட்டை ஆகிய எங்கும் தங்கும். ஒரு கூட்டத்தில் அரசி எறும்புகள் பல இருப்பதால், பக்கத்துக் கூடுகள் ஒன்றோடொன்று சண்டையிடாமல் ஒரே பெருங்கூட்டமாய்ப் பரவும். இது கொட்டுவதில்லை, எரிச்சல் தரும் அமிலத்தைப் பீச்சும்.

2022ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைக் காட்டை அடுத்த சிற்றூர்களில் இவ்வெறும்பு பெருகிற்று. மேயச் சென்ற ஆடுமாடுகளின் கண்களை இவை தாக்குவதாகவும், பயிருக்கும் கேடு உண்டாவதாகவும் குடியானவர்கள் முறையிட்டனர்.

இந்துமாக் கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் இதன் பெருங்கூட்டம் 1989இல் கண்டறியப்பட்டது. சருகைத் தின்று தரையைத் துப்புரவாக வைத்திருந்த செந்நண்டுகள் கோடிக்கணக்கில் மாண்டன. இத்தனை எறும்புகளுக்கும் உணவளித்தது மரங்களில் ஒட்டியிருந்த செதிற்பூச்சிகள் சுரக்கும் தேன்போன்ற நீரே என அறிந்து, அப்பூச்சியை அழிக்கும் நுண்குளவியை 2016இல் அங்கே விட்டனர். மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் பெருகிய தோட்டத்தில் எறும்பும் பெருகும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

சோதிக்கும் முறை

காட்டோரத்தில் இரண்டு முழச் சதுரத்தைக் கயிற்றால் அளந்து, அதிலுள்ள சருகைச் சல்லடையிலிட்டு வெள்ளைத் துணியின் மேல் சலிக்க வேண்டும். கல்லையும் கட்டையையும் புரட்டிப் பார்த்து மீண்டும் இருந்தபடியே வைத்துவிட வேண்டும். அடுத்து, சிறிது வெல்லத்தையும் இடித்த வேர்க்கடலையையும் தாளில் வைத்து அரைமணி நேரம் கழித்துப் பார்க்கலாம். இவ்வாறு பத்து இடங்களிற் செய்து, உருவமும் நிறமும் வேறுபட்ட எறும்புகள் பல காணப்பட்டால் தரை நல்ல நிலையில் உள்ளது. பத்து இடங்களிலும் மஞ்சள் எறும்பு ஒன்றே மொய்த்து, மற்றவை காணப்படாவிடின் ஆபத்து நெருங்கியதென உணரவேண்டும்.

செய்யத்தக்கவை

1. காட்டோரச் சருகுக்குத் தீ வைத்தலாகாது. பழைய எறும்புகள் அழிந்த இடத்தில் புதிய பகை எளிதில் குடிபுகும். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

2. மஞ்சள் எறும்பு உள்ள இடத்திலிருந்து விறகு, மண், நாற்று, வைக்கோல் ஆகியவற்றைச் சோதியாமல் வேறிடத்துக்குக் கொண்டு செல்லலாகாது. இது தூர இடங்களுக்குப் பரவுவது பெரும்பாலும் மனிதர் ஏற்றிச் செல்லும் சரக்கினாலேயே.

3. தோட்டத்தில் மாவுப்பூச்சி, செதிற்பூச்சி தாக்கிய கிளைகளைத் தொடக்கத்திலேயே வெட்டி அழித்துவிட வேண்டும்.

4. காட்டுத் தரையில் தாமாகவே பூச்சிமருந்து தூவலாகாது. அது நல்ல எறும்புகளையும் மற்றப் பிராணிகளையும் சேர்த்துக் கொல்லும்.

5. எறும்பு மொய்த்த கால்நடையின் கண்களை உடனே தூய நீரால் கழுவி, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

6. மஞ்சள் எறும்பின் பெருக்கம் கண்ட கிராம அலுவலர்கள், இடமும் நாளும் குறித்து, எறும்புகள் சிலவற்றைச் சாராயச்சத்து நிரப்பிய சிறு புட்டியிலிட்டு, வேளாண்மை அலுவலருக்கும் வனத்துறைக்கும் அனுப்புதல் வேண்டும்.

வயலின் வரப்பைக் காப்பவர் அதனை அடுத்த காட்டுத் தரையையும் கவனித்தல் கடமையாகும். அங்கே பலவகை எறும்புகள் தத்தம் இடத்தில் வாழும் வரையில், ஓரினம் மட்டும் பெருகி ஊருக்குள் இறங்குதல் அரிது.