கிரகணம் காரணமல்ல

கேள்வி: என் மகனுக்கு 40 நாள். மேலுதடு பிளந்து பிறந்திருக்கிறான். “கிரகணத்தன்று வெளியே போனாயே” என்கிறார் மாமியார். எப்போது ஆபரேஷன் செய்யலாம்? அதுவரை பால் எப்படிக் கொடுப்பது?

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கருவின் 4 முதல் 7 வாரத்துக்குள் உதட்டின் பாகங்கள் ஒன்றுசேராமல் போனால் இப்படி ஆகும். உங்கள் மேல் தவறில்லை.

அண்ணம் பிளக்காமல் இருந்தால் பெரும்பாலும் தாய்ப்பாலே குடிப்பான். உறிஞ்ச முடியாவிட்டால் பாலைப் பீய்ச்சி, தலையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். இடையிடையே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வரவையுங்கள்.

ஆபரேஷன் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள். வயது 10 வாரம், எடை சுமார் 4.5 கிலோ, ஹீமோகுளோபின் 10 கிராம் என்பது டாக்டர்களின் பழைய கணக்கு. ஆகவே எடையைத் தவறாமல் பாருங்கள். அரசின் சிறார் நலத் திட்டத்தில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையில் இப்போதே காட்டிவிடுங்கள்.