வீட்டுக் கணக்கும் ஏட்டுக் கணக்கும்

கணக்கு என்பது பள்ளியில் மட்டுமே கற்கத்தக்கது என்னும் எண்ணம் பெற்றோர் பலரிடம் காணப்படுகிறது. எழுத்தறியாத தாய்மார், தம்மால் குழந்தைக்கு ஏதும் கற்பிக்க இயலாதெனக் கருதி ஒதுங்கிவிடுகின்றனர். ஆயினும் அளத்தல், பங்கிடல், விலை கூட்டல், சில்லறை எண்ணல் ஆகியவை வீடுதோறும் நாள்தோறும் நிகழ்வனவே. இவ்வறிவு பள்ளிக் கணக்குக்குத் தானாகவே துணைபுரியுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஆராய்ச்சி காட்டும் உண்மை

பிரேசில் நாட்டின் ரெசிபே நகரில், தெருவில் பொருள் விற்ற ஐந்து சிறுவர்களைச் சோதித்த ஆராய்ச்சியொன்று 1985-ல் வெளியாயிற்று. விற்பனையின்போது வாய்மொழியாகக் கேட்ட கணக்குகளில் 100-க்கு 98 சரியாக அமைந்தன. அத்தகைய கணக்குகளே பொருட்பெயரின்றி வெறும் எண்களாகத் தரப்பட்டபோது 100-க்கு 37 மட்டுமே சரியாயின. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலிய அறிஞர்கள், டில்லி, கொல்கத்தா நகரங்களின் சந்தைகளில் வேலைசெய்யும் 1,400-க்கு மேற்பட்ட சிறுவர்களைச் சோதித்துக் கண்ட முடிவுகளை 2025-ல் வெளியிட்டனர். அங்கும் இந்நிலையே காணப்பட்டது. பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் இடர்ப்பட்டனர் என்பதும் தெரியவந்தது. ஆகவே, இவ்விருவகை அறிவும் தாமாக ஒன்றுகூடுவதில்லை. அவற்றை இணைத்து வைக்கப் பெரியவர் ஒருவரின் துணை வேண்டும்.

இணைக்கும் முறை

37 ரூபாய்க்குக் காய்கறி வாங்கி, 100 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதி எவ்வளவு? கடைக்குப் போய்ப் பழகிய சிறுமி, 37-உடன் 3 சேர்த்து 40 என்றும், பின் 60 சேர்த்து 100 என்றும் எண்ணி, 63 என விடை கூறுவாள். அவளே ஏட்டில் 100-லிருந்து 37-ஐக் கழிக்குமிடத்து, கடன் வாங்கும் முறை விளங்காமல், 3-ஐயும் 7-ஐயும் அப்படியே இறக்கி 137 என எழுதிவிடுதல் கூடும். “நூறு கொடுத்தவருக்கு நூற்றுக்கு மேல் மீதி கிடைக்குமா?” என்று தாயார் கேட்பாராயின், பிழை அக்கணமே புலப்படும். இக்கேள்வியைக் கேட்க எழுத்தறிவு தேவையில்லை.

அடுத்து, 100 ரூபாயைப் பத்துப் பத்து ரூபாய்களாகவும், அவற்றுள் ஒன்றைப் பத்து ஒரு ரூபாய் நாணயங்களாகவும் மாற்றி, அதிலிருந்து 37 ரூபாயை எடுக்கச் செய்தல் வேண்டும். கடன் வாங்குதல் என்பது சில்லறை மாற்றுதலே எனக் குழந்தை உணரும்.

பெற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டியவை மூன்று:

(1) குழந்தை கூறும் விடையோடு நில்லாமல், அவ்விடை எவ்வாறு கிடைத்தது என வினவுக.

(2) வாயால் சொன்ன கணக்கை ஏட்டிலும் எழுதச் செய்க. எழுத்தறியாத வீட்டில் இதனை மறுநாள் ஆசிரியர் செய்விக்கலாம்.

(3) ஏட்டிலுள்ள கணக்கைக் கடைக் கதையாக மாற்றிச் சொல்லச் செய்க.

மனக்கணக்காகச் செய்ததற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்ளலாகாது.

பிற பாடங்கள்

விஞ்ஞானத்துக்கும் இது பொருந்தும். காற்று வீசும் நாளில் துணி விரைவில் உலர்வதைக் குழந்தை அறியும். பாடநூலில் வரும் ‘ஆவியாதல்’ அதுவே என்பதை அறியாது. ஒரே அளவான இரு ஈரத்துணிகளுள் ஒன்றை விரித்தும் மற்றதை மடித்தும் வைத்து, உலரும் நேரத்தைக் குறிக்கச் செய்தால் சொல்லும் பொருளும் ஒன்றுபடும்.

எச்சரிக்கை

இவற்றைக் கொண்டு, கடையில் வேலைசெய்வதே போதிய கல்வியெனக் கொள்ளுதல் தவறு. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சந்தையில் விரைந்து கணக்கிடும் சிறுவன், ஏட்டுக் கணக்கில் தவறுவதால் மந்தபுத்தியுள்ளவன் எனப் பெயர் பெற்றுப் பள்ளியை விட்டு நீங்குவானாயின், அது அவன் குறையன்று. அவன் அறிந்ததை அறிய முற்படாத கற்பித்தலின் குறையே ஆகும். களப்பணியாளரும் ஆசிரியரும் வீடுகளுக்குச் செல்லும்போது, குழந்தைக்கு என்ன தெரியாது என்பதற்கு முன், என்ன தெரியும் என்பதையே முதலில் கேட்டறிதல் நலம்.