அபராதம்தான் இருப்பதிலேயே சின்னச் செலவு

கேள்வி: தோல் பதனிடும் ஆலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கேஸ் டிடெக்டர், முகக்கவசம், பயிற்சி என்று பட்டியல் கொடுத்தால், "இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டினால் அபராதம் கட்டிக்கொள்ளலாம், அதற்கு இதைவிடக் குறைச்சலாகத்தான் ஆகும்" என்கிறார் முதலாளி. இந்தக் கணக்கு சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ராணிப்பேட்டை

பதில்: சில வருடங்களுக்குச் சரியாகவே வரும். பிசகுவது ஒரே ஒரு ராத்திரியில். விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் அது 2020 மே 7 அன்று பிசகியது.

அங்கே எம்6 என்ற தொட்டியில் சுமார் 1,800 டன் ஸ்டைரீன் கிடந்தது. குளிர்ச்சியாக வைக்காவிட்டால் தானாகவே வினைபுரிந்து சூடேறும் திரவம் அது. அதை அடக்கி வைக்க டிபிசி என்ற ரசாயனத்தைக் கலப்பார்கள். டன்னுக்கு 10, 15 கிராம் போதும். முழுத் தொட்டிக்கும் முப்பது கிலோவைத் தாண்டாது. ஊரடங்கில் ஆலை மூடிக் கிடந்தபோது டிபிசி கையிருப்பிலேயே இல்லை. குளிரூட்டும் இயந்திரத்தை மாலை 5 மணியோடு நிறுத்திவிடுவார்கள். வெப்பமானி இருந்தது, ஆனால் தொட்டியின் அடியில். மேல்பகுதி கொதித்துக்கொண்டிருந்தது அதற்குத் தெரியவில்லை. அதிகாலை மூன்று மணிவாக்கில் ஆவி வெளியேறி ஊருக்குள் பரவியது. சைரன் ஒலிக்கவில்லை. 12 பேர் இறந்தார்கள்.

மறுநாளே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. உயர் நீதிமன்றம் ஆலையை முடக்க உத்தரவிட்டது. தலைமைச் செயல் அதிகாரி உட்பட 12 பேர் கைதானார்கள். முப்பது கிலோ டிபிசியின் விலையை இதன் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். 1984இல் விஷவாயு கசிந்த போபால் ஆலையிலும் குளிரூட்டும் இயந்திரம் நிறுத்தப்பட்டுத்தான் இருந்தது. மிச்சம் பிடிக்கிற இடம்கூட மாறவில்லை!

'தொழிலாளி கவனக்குறைவு' என்ற சாக்கும் செல்லாது. டெல்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் கசிவு வழக்கில் 1986இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஆபத்தான தொழில் நடத்துபவர், தான் எவ்வளவு கவனமாக இருந்தாலும், விபத்துக்கு முழுப் பொறுப்பு. நிறுவனம் பெரிதாக இருந்தால் இழப்பீடும் பெரிதாக இருக்கும்.

இனி தோல் ஆலைக்கு வருவோம். முடி நீக்கும் கட்டத்தில் சோடியம் சல்பைடு, அடுத்த கட்டங்களில் அமிலம். இரண்டின் கழிவும் ஒரே குழியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அளவு கூடும்போது அந்த வாயு மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் "கேஸ் போய்விட்டது" என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் அங்கேயே விழுவார். கழிவுத்தொட்டி விபத்துகளில் ஒருவரோடு நிற்காமல் இரண்டு மூன்று உயிர் போவது இதனால்தான்.

பட்டியலில் ஒரு திருத்தம்: ஃபில்டர் வைத்த முகக்கவசம் குழிக்குள் உதவாது, ஆக்சிஜனே குறைந்திருக்கும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் கருவியும், மேலிருந்து இழுக்க இடுப்புப் பட்டையும் கயிறும் வேண்டும். திருத்திய பட்டியலை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. பதில் வராவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை என்றால் முதலில் டிடெக்டர் வரட்டும். மற்றவையும் வந்து சேரும்வரை குழிக்குள் யாரையும் இறக்க வேண்டாம்.