அளவறிந்து பயிற்றல்

நுழையும்முன்

தன் உடலை வளர்ப்பது பயிற்சி. பிறர் உடலை வளர்க்கத் துணைநிற்பது பொறுப்பு. பள்ளிக் கல்வி முடித்த சில ஆண்டுகளிலேயே உடற்பயிற்றுநர் பணியை நாடும் இளையோர் இன்று பலர். கட்டான உடல் ஒன்றே அப்பணிக்குத் தகுதியாகிவிடுமா? தம்மைவிட இருமடங்கு மூத்த ஒருவர் நம்பி வந்து நிற்கும்போது, இளம் பயிற்றுநர் எவற்றையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

மரபும் மாற்றமும்

உடலைப் பண்படுத்தும் மரபு தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. சிலம்பக் கூடங்களில் ஆசானின் கண்பார்வையிலேயே மாணவர் அடிமுறை பழகினர். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றல் ஆகியன ஊர்தோறும் வழங்கிய பயிற்சிகள். தென்மாவட்டச் சிற்றூர்களில் இன்றும் காணப்படும் இளவட்டக்கல், இளைஞர் வலிமையை ஊரார் அளந்தறிந்த கருவியாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பயிற்சி ஒரு கல்வித்துறையாக வளர்ந்தது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் என்பவர் 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இயங்கும் அக்கல்லூரி, ஆசியாவின் தொன்மையான உடற்கல்விக் கல்லூரிகளுள் ஒன்று. 1924ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியுடன் பக் அவர்களும் சென்றார்.

ஆசானிடம் பலர் கூடிப் பயின்ற நிலை ஒருபுறமிருக்க, ஒருவருக்கு ஒருவர் எனப் பயிற்றும் தனிப் பயிற்றுநர் பணி அண்மைக்காலத்தில் பெருநகரங்களில் பரவி, இன்று சிறுநகரங்களையும் எட்டியுள்ளது. உட்கார்ந்தே செய்யும் வேலைகள் பெருகியமையும், நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய நோய்கள் மிகுந்தமையும் இதற்குக் காரணங்களாகும். எனவே, இன்றைய பயிற்றுநரை நாடி வருபவர் பலர் வீரர் அல்லர். நலம் வேண்டி வரும் எளிய மனிதர்.

உடலுழைப்பின் பயன்

உடலுழைப்புக்கும் இதயநலத்துக்கும் உள்ள தொடர்பை அறிவியல் நோக்கில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜெர்ரி மாரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர். லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியோரை அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் நாள்முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்கப் படிகளில் ஓயாமல் ஏறி இறங்குபவர். ஊரும் ஒன்று; நிறுவனமும் ஒன்று; வேறுபாடு உடலசைவில் இருந்தது. நடத்துநரைவிட ஓட்டுநரிடையே இதயத் தமனி நோய் மிகுதி என்னும் முடிவு 1953இல் வெளியானது.

மாரிஸ் அத்துடன் நின்றுவிடவில்லை. பணியாளர்களின் சீருடை அளவுகளையும் ஆராய்ந்தார். ஓட்டுநரின் இடுப்புச் சுற்றளவு நடத்துநரினதைவிட மிகுதியாக இருந்தது. ஆகவே, உடல்வாகும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதை அவர் மறைக்காமல் 1956இல் எழுதினார். ‘என் பயிற்சியே எல்லாவற்றையும் மாற்றும்’ என்று பேசத் துடிக்கும் இளம் பயிற்றுநர், இந்த ஆய்வுநேர்மையை முதற்பாடமாகக் கொள்ளலாம்.

தெரிந்து தெளிவோம்

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயதுடையோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடற்செயல்பாட்டில் ஈடுபடவேண்டும். வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான செயல்பாட்டிலோ, 75 முதல் 150 நிமிடம் தீவிரமான செயல்பாட்டிலோ ஈடுபடுதல் நன்று. வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுவூட்டும் பயிற்சியும் தேவை.

அளவே அடிப்படை

எவ்வளவு பளு? எத்தனை முறை? இவ்வினாக்களுக்கு ஒழுங்கான விடை கண்டவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். பதினாறு வயதில் வாதக் காய்ச்சலுக்கு ஆளாகிப் பல மாதம் படுக்கையில் கிடந்தவர் அவர். பின்னர்ப் பளுதூக்கியே தம் உடலை மீட்டெடுத்தார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்று, கால்தசை மெலிந்த படைவீரர்களுக்குத் தம் அனுபவத்தையே மருத்துவமுறையாக்கினார். 1945இல் அம்முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் அதனை மேலும் எளிமைப்படுத்தினார்.

ஒருவர் சரியாகப் பத்துமுறை மட்டுமே தூக்கவல்ல பளுவை முதலில் கண்டறியவேண்டும். அப்பளுவில் பாதியைக் கொண்டு பத்துமுறை, முக்கால் பங்கைக் கொண்டு பத்துமுறை, முழுப்பளுவைக் கொண்டு பத்துமுறை என மூன்று சுற்றுகள் செய்தல்வேண்டும். ஒருவருக்கு அந்த அளவு 20 கிலோ எனின், சுற்றுகள் முறையே 10, 15, 20 கிலோவாக அமையும். வலிமை கூடக்கூட அளவும் கூட்டப்படும்.

இம்முறையின் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. அளவை எங்கிருந்து எடுப்பது என்பதில் உள்ளது. பயிற்றுநரின் விருப்பத்திலிருந்தோ அடுத்தவரின் வலிமையிலிருந்தோ அது பிறப்பதில்லை. பயில்பவரின் உடலே அதனைச் சொல்கிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயாளியின் நிலையையும் நோயின் தன்மையையும் காலத்தையும் எண்ணிப்பார்த்துச் செயற்படுமாறு மருத்துவனை அறிவுறுத்துகிறது. பயிற்றுநருக்கும் அவ்வறிவுரை பொருந்தும்.

ஒருவரைப்போல் ஒருவர் இலர்

பத்தொன்பது வயதுப் பயிற்றுநர் ஒருவரிடம் ஒரே நாளில் மூவர் வந்து சேர்வதாகக் கொள்வோம்.

முதலாமவர் ஐம்பது வயது அலுவலர். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்பவர். ஒருவரின் உச்ச இதயத்துடிப்பைத் தோராயமாக அறிய, 220இலிருந்து வயதைக் கழிப்பது வழக்கம். அதன்படி இவருக்கு நிமிடத்திற்கு 170. ஆனால், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் மாத்திரைகளுள் சில இதயத்துடிப்பையே மட்டுப்படுத்துவன. அத்தகைய மாத்திரையை உட்கொள்பவரைச் சூத்திரம் காட்டும் எண்ணை எட்டும்வரை ஓடச்செய்வது தீங்காகும். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்னும் நிலை மிதமான பயிற்சிக்கு எளிய அடையாளம். பளுவைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும் என்பதால், தூக்கும்போது மூச்சை வெளிவிடுமாறும் இவருக்குக் கற்பிக்கவேண்டும்.

இரண்டாமவர் அறுபது வயதைக் கடந்த மூதாட்டி. முழங்கால் வலியும் நீரிழிவும் உடையவர். நாற்காலியில் அமர்ந்து எழுவதே இவருக்கு முதற்பயிற்சி. இன்சுலின் செலுத்திக்கொள்பவராயின், பயிற்சியின்போது இரத்தச் சர்க்கரை அளவுக்குமீறிக் குறையக்கூடும். கைநடுக்கம், திடீர் வியர்வை, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் பயிற்சியை நிறுத்தி, சர்க்கரையோ இனிப்பு நீரோ கொடுக்கவேண்டும். “இன்னும் ஐந்துமுறை செய்யுங்கள் அம்மா” என ஊக்குவிப்பதைவிட, “போதும் அம்மா, உட்காருங்கள்” என்று உரிய நேரத்தில் சொல்வதே அங்குத் திறமை.

மூன்றாமவர் பதினாறு வயது மாணவர். ஒரே மாதத்தில் புயங்கள் பெருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். முறையான மேற்பார்வையில் பளுப்பயிற்சி செய்வது அவ்வயதினருக்கும் நன்மையே தரும். எனினும், அவரை முதல்நாளிலேயே களைத்து விழும்வரை வருத்துதல் தகாது. பழக்கமில்லாத உடலுக்கு அளவுமீறிய பயிற்சி தந்தால், தசையிழைகள் சிதைந்து அவற்றின் கூறுகள் குருதியில் கலக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேறும். சிறுநீரகமே பழுதடையவும் கூடும். கடுமையான முதல்நாளைப் பயிற்றுநரின் பெருமையாகக் கருதும் வழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதை இதனால் உணரலாம்.

எல்லை அறிதல்

அந்த மாணவரின் அடுத்த வினா பெரும்பாலும் ஊசியைப் பற்றியோ மாவைப் பற்றியோ இருக்கும். தசை வளர்ச்சிக்கென மறைமுகமாக விற்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் இதயத்திற்கும் கல்லீரலுக்கும் கேடு விளைவிப்பன. உடலின் இயல்பான ஹார்மோன் சுரப்பைக் குலைப்பன. வளரிளம் பருவத்தினரின் எலும்பு வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்தி, உயரத்தைக் குறைக்கவும் வல்லன. அவற்றைத் தருவதும் பரிந்துரைப்பதும் பயிற்றுநர் ஒருபோதும் செய்யத்தகாதவை.

புரதமாவு அத்தகைய நஞ்சன்று. ஆயினும் அனைவருக்கும் இன்றியமையாததும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, வயதுவந்த ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. அறுபது கிலோ எடையுடையவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். தசையை வளர்க்க முனைவோருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். ஒரு கோழிமுட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், சமைக்காத 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேலும் புரதம் உண்டு. வீட்டு உணவைக் கணக்கிட்டுப் பார்க்கக் கற்றுத்தருபவர், விலையுயர்ந்த மாவை விற்பவரைவிடப் பயனுள்ள பயிற்றுநர்.

மார்பில் வலி, மயக்கம், மூட்டில் வீக்கம் என்று ஒருவர் கூறினால் அங்குப் பயிற்றுநரின் எல்லை முடிந்து மருத்துவரின் எல்லை தொடங்குகிறது. ‘இதை நான் சரிசெய்துவிடுவேன்’ என்னும் சொல் இளமையின் துணிவாகத் தோன்றலாம்; உண்மையில் அது பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும். ஒருவர் திடீரெனச் சரிந்து, உணர்வும் இயல்பான மூச்சும் இன்றிக் கிடப்பாராயின், 108 என்னும் எண்ணை அழைக்கச் செய்துவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்கவேண்டும். பளுதூக்கக் கற்பதற்கு முன்பே பயிற்றுநர் கற்கவேண்டிய பயிற்சி இது.

கற்கும் வழிகள்

ஏ.சி.இ., என்.எஸ்.சி.ஏ. முதலிய பன்னாட்டு அமைப்புகள் பயிற்றுநர் சான்றிதழ் பெறப் பதினெட்டு வயது நிறைவையும் உயிர்காக்கும் முதலுதவிச் சான்றையும் கட்டாயமாக்கியுள்ளன. இந்தியாவில் விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதி ஆகியவற்றுக்கான துறைத்திறன் குழுமம் உடற்தகுதிப் பயிற்றுநர் பணிக்குரிய தகுதிகளை வரையறுத்துள்ளது. மேல்நிலைக் கல்விக்குப்பின் உடற்கல்வியில் பட்டம் பயிலலாம். பட்டம் பெற்றபின் ஈராண்டு பி.பி.எட். படிப்பும் உண்டு. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இத்துறைக்கெனவே இயங்கிவருகிறது.

பதினோராம் வகுப்பிலேயே இதற்கு அடித்தளம் இடலாம். உயிரியலில் பயிலும் தசையும் மூச்சும் குருதியோட்டமும் இப்பணியின் அரிச்சுவடி. இயற்பியலில் பயிலும் நெம்புகோலே முழங்கை மடங்கும் விதத்தை விளக்குகிறது. மொழிப்பாடமும் உதவும். வலியை மறைப்பவரிடம் பக்குவமாக வினவவும், மூத்தோரிடம் பணிவு குன்றாமல் திருத்தம் கூறவும் சொல்வன்மை வேண்டுமன்றோ!

இளமையின் வலிமை

இளம் பயிற்றுநரின் சொல்லை மூத்தோர் ஐயுறுதல் இயல்பே. ‘இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?’ என்னும் வினாவுக்கு உரத்த குரலால் விடையளிக்க இயலாது. முதல்நாளிலேயே நோய்களையும் மருந்துகளையும் கேட்டறிந்து குறிப்பேட்டில் எழுதுதல், சென்ற வாரத்து அளவை மறவாதிருத்தல், தெரியாததைத் ‘தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ எனக் கூறுதல் ஆகியவையே நம்பிக்கையை ஈட்டித்தரும்.

கட்டான உடல், ஒருவர் தம்மைப் பயிற்றிக்கொண்டதற்குச் சான்று. பிறரைப் பயிற்றவல்லவர் என்பதற்குச் சான்று வேறு. அந்த மூதாட்டி சில மாதங்களில் கைப்பிடியைப் பற்றாமல் தம் வீட்டுப் படியேறுவாராயின், அதுவே இளம் பயிற்றுநர் பெறும் உயரிய நற்சான்று ஆகும்.

கற்பவை கற்றபின்

1. அமைதியாக அமர்ந்திருக்கும்போதும், மூன்று நிமிட விரைவு நடைக்குப் பின்னும் உங்கள் நாடித்துடிப்பை எண்ணி, வேறுபாட்டைக் குறிப்பெழுதுக.

2. உங்கள் ஊரில் வழங்கிய உடற்பயிற்சி முறைகளையும் அவற்றுக்குரிய சொற்களையும் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.

3. உடற்பயிற்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்பவரிடம் பயிற்றுநர் கேட்கவேண்டிய பத்து வினாக்களைப் பணிவான நடையில் உருவாக்குக.

மதிப்பீடு

1. டிலோர்ம் வகுத்த மூன்று சுற்றுப் பயிற்சிமுறையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. மாரிசின் ஆய்வுநேர்மை எவ்வாறு வெளிப்படுகிறது?

3. ‘பயில்பவரின் உடலே அளவைச் சொல்கிறது’ – பாடப்பகுதியில் வரும் மூவரைக் கொண்டு நிறுவுக.