கழிவிலிருந்து கனல்

சென்னை மாநகருக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்கள் அமைந்துள்ளன. இன்று ஆலைகளும் மாடி வீடுகளும் நெருங்கி நிற்கும் இவ்வூர்கள், முன்னாளில் ஏரி நீர் பாய்ந்து நெல் விளைந்த சிற்றூர்களாம். அவ்வேரிகளுள் சில இன்றும் எஞ்சியுள்ளன. கோடையில் நீர் வற்றிச் சேறு தோன்றும் கரையோரத்தை ஒருவர் கோலால் கிளறுவாராயின், அடியிலிருந்து குமிழிகள் எழுந்து மேலே வந்து உடைவதைக் காண்பார். கண்டவர் பலர், காரணம் யாதென வினவியவர் சிலரே.

அங்ஙனம் வினவியவருள் ஒருவர் இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா. மின்கலத்தைப் பின்னாளில் உலகுக்கு அளித்தவரும் இவரே. 1776ஆம் ஆண்டில் மஜ்ஜோரே என்னும் ஏரியின் சேற்றைக் கிளறி, எழுந்த வாயுவைக் குப்பியில் பிடித்து, அதற்குத் தீ மூட்டிப் பார்த்தார். அது நீல நிறத்துடன் எரிந்தது. அவ்வாயுவே மீத்தேன் எனப்படுவது. ஏரியில் விழுந்த இலையும் தழையும் சேற்றுள் புதைந்து, பிராண வாயு புகாத இடத்தில் மட்குங்கால், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு இவ்வாயுவை வெளிவிடுகின்றன.

இவ்வுண்மையை உணர்ந்த அறிஞர்கள், ஏரி செய்யும் தொழிலைத் தொட்டியிலும் செய்ய முயன்றனர். நம் நாட்டில் 1930-களின் இறுதியில் தில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் மாட்டுச் சாணத்தைக் கொண்டு ஆய்வு நடைபெற்றது. பின்னர்க் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு சாண எரிவாயுக் கலன்களை நாடெங்கும் பரப்பியது. சாணத்தை வரட்டியாகத் தட்டி எரித்தால் அடுப்பு எரியும். ஆனால் வயலுக்கு உரிய எரு சாம்பலாகிவிடும். சமைக்கும் பெண்டிரின் கண்ணும் நெஞ்சும் புகையால் நலியும். கலனில் இட்டாலோ, புகையற்ற தீயும் கிடைக்கும். எஞ்சிய குழம்பு எருவாகவும் பயன்படும். ஒரே பொருள் அடுப்பையும் வயலையும் காக்கின்றது.

சாணத்திற்குப் பொருந்துவது காய்கறிக் கழிவுக்கும் பொருந்தும். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய கோயம்பேட்டில் 1996ஆம் ஆண்டு பெருஞ்சந்தை ஒன்று திறக்கப்பட்டது. அழுகிய தக்காளியும், முட்டைக்கோசின் இலையும், வாடிய மலரும், வாழை மட்டையும் அங்கு நாள்தோறும் மலைபோல் குவிவன. 2005ஆம் ஆண்டில், நாளொன்றுக்கு 30 டன் கழிவை ஏற்று எரிவாயுவாக்கி, அதனால் மின்சாரம் எடுக்கும் நிலையம் அச்சந்தையில் நிறுவப்பட்டது. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுத்துணை இம்முயற்சிக்குக் கிடைத்தது.

இத்தகைய கலனை நடத்துவது எளிய செயலன்று. அதனுள் இருவகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஒருவகை உணவைச் சிதைத்துப் புளிப்புப் பொருள்களை உண்டாக்கும். மற்றொருவகை அப்புளிப்புப் பொருள்களினின்று மீத்தேனை உண்டாக்கும். முன்னது விரைவாகத் தொழில் செய்வது. பின்னது மெல்லச் செய்வது. அளவுக்கு மீறிக் கழிவைக் கொட்டினால் புளிப்பு மிகுந்து, மெல்லத் தொழில் செய்யும் உயிர்கள் மடியும், வாயுவும் நின்றுபோகும். பிளாஸ்டிக் பையும் கயிறும் கலந்து வந்தாலோ குழாய்கள் அடைபடும். ஆதலின், கழிவைத் தரம் பிரித்து இடுபவரும் அறிஞருக்கு நிகரான துணைவரே ஆவர்.

வாயுவைப் போன்றே நீர்ம எரிபொருளையும் பயிர்ப் பொருள்களினின்று பெறலாம். கரும்புச் சாற்றுக் கழிவுப் பாகினையும் தானிய மாவினையும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் புளிக்கச் செய்து எத்தனாலாக மாற்றும். பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் இலக்கை நம் நாடு 2025ஆம் ஆண்டில் எட்டியது. எனினும் ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. கரும்புக்கு நீர் மிகுதியாக வேண்டும்; சோளமும் அரிசியும் உண்ணும் பொருள்கள். வண்டியின் பசியைத் தீர்க்க மனிதனின் கலத்தினின்று எடுப்பது முறையாகுமோ?

இவ்வினாவுக்கு விடை காணவே அறிஞர் வைக்கோலை நாடினர். வைக்கோலிலும் சர்க்கரை உண்டு. ஆனால் அது செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலியாகப் பிணைந்து, லிக்னின் என்னும் வலிய பொருளால் மூடப்பட்டுள்ளது. பசுவின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அச்சங்கிலியை அறுக்க வல்லவை. அதனாலேயே வைக்கோலை உண்டு பசு வாழ்கின்றது.

அச்சங்கிலியை அறுக்கும் பிறிதொரு கருவி, எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. ஆவடியில் 1961ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழிற்சாலையில் படைவீரர்க்கு உடை தைக்கப்படுவதை அப்பகுதியினர் அறிவர். பருத்தித் துணியும் செல்லுலோஸே. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் தங்கிய அமெரிக்கப் படையினரின் துணிகளும் கூடாரங்களும் விரைவில் இற்றுப்போயின. அதற்குக் காரணமான பூஞ்சையை ரீஸ், மேரி மேண்டல்ஸ் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். துணியைக் காக்கத் தொடங்கிய அவ்வாராய்ச்சி, செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும் வழியைக் காட்டியது. பகையெனக் கருதப்பட்ட பூஞ்சை துணையாயிற்று. அதற்கு 1977ஆம் ஆண்டில் ரீஸின் பெயரே சூட்டப்பட்டது.

இத்தகைய ஆய்வுகளின் பயனாக, அரியானா மாநிலத்தின் பானிப்பட்டில் 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஓர் ஆலை நாட்டுக்கு அளிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலினின்று ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் அளவில் அஃது அமைக்கப்பட்டது. அறுவடைக்குப் பின் வயலிலேயே வைக்கோலைக் கொளுத்தி, ஊரையே புகையில் ஆழ்த்தும் வழக்கத்திற்கு இது மாற்றாகும்.

ஆயினும் வைக்கோல் முழுதும் ஆலைக்கே உரியதன்று. மாட்டுக்கு அதில் ஒரு பங்கு உண்டு; மீண்டும் மட்கி வளம் சேர்க்கக் காத்திருக்கும் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. சங்கிலியை அறுக்கும் நொதிப்பொருள்களைக் குறைந்த செலவில் ஆக்குவதும் ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும். எடுப்பதற்கு வழி காட்டுவது அறிவியல். எவ்வளவு எடுக்கலாம் என்று வரையறுப்பது அறம். இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான் அடுப்பும் எரியும், வயலும் வாழும்.