மாஸ்டர்ஸ் இருக்கு, எம்கேட் கவுத்திடுச்சா? ஒரு வருஷம் பொறு!

ஜூன் நெருங்கினால் கை பரபரக்கும். மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பத் தளமான ஆம்காஸைத் திறந்து, போன வருஷ விண்ணப்பத்தையே தூசி தட்டி அனுப்பிவிடலாம் என்று தோன்றும். தோன்றட்டும், அனுப்பாதே. அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்கு இரண்டாவது தடவை அப்ளை பண்ணுகிறவரிடம் ஸ்கூல்காரர்கள் தேடுவது ஒன்றைத்தான்: போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது? "மாஸ்டர்ஸ் முடித்துவிட்டேன்" என்பது பாதிப் பதில்தான். நுழைவுத் தேர்வான எம்கேட்டில் மார்க் அதேதான் என்றால், அந்தப் பாதியும் நிற்காது.

முதலில் ஒரு கணக்கு. பல பேர் இதைத் தெரியாமலே மாஸ்டர்ஸில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆம்காஸ் இளங்கலை ஜிபிஏவையும் கிராஜுவேட் ஜிபிஏவையும் தனித்தனியாகத்தான் காட்டும். மாஸ்டர்ஸில் நீ 4.0 வாங்கினாலும், காலேஜில் வாங்கிய 3.3 அப்படியே 3.3தான். டிகிரி முடித்த பிறகு இளங்கலை லெவலில் எடுக்கும் போஸ்ட்-பேக் பாடங்கள் மட்டும்தான் அந்த எண்ணோடு சேரும். அதனால் உனக்கு இடிப்பது எது என்று முதலில் பிரித்துப் பார். ஜிபிஏ என்றால் போஸ்ட்-பேக். எம்கேட் என்றால் எம்கேட் மட்டும்தான். "சும்மா இருக்க வேண்டாமே, ஒரு எம்பிஹெச் போட்டு வைக்கலாம்" என்று வீட்டில் யோசனை சொல்வார்கள். கடன் ஏறும், மார்க் ஏறாது.

மாஸ்டர்ஸ் படித்த பிள்ளை எம்கேட்டில் ஏன் சறுக்குகிறது? அறிவுக் குறைவு இல்லை. இரண்டு வருஷம் ஒரே புரோட்டீனைக் கட்டிக்கொண்டு ஆழமாகப் போய்ப் பழகிவிட்டாய். எம்கேட் கேட்பதோ பதினெட்டு வயதில் படித்த லென்ஸ், திரவ அழுத்தம், சர்க்யூட். அதுவும் ஒவ்வொரு அறிவியல் பகுதியிலும் 95 நிமிஷத்தில் 59 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை நிமிஷம் சொச்சம். காம்பெடிட்டிவ் இன்ஹிபிட்டர் போட்டால் கேஎம் கூடும், விமேக்ஸ் மாறாது என்பது உனக்குத் தூக்கத்திலும் தெரியும். அதையே ஒரு லைன்வீவர்-பர்க் படமாகக் கொடுத்து, இரண்டு கோடும் ஒய் அச்சில் ஒரே இடத்தில் வெட்டினால் என்ன அர்த்தம் என்று கேட்டால், இரண்டு நிமிஷம் யோசிக்கிறாய். அங்கேதான் மார்க் போகிறது.

அதனால் புதுப் புத்தக செட் வாங்காதே. ஒரு நோட்டு போடு. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: தெரியாமல் தப்பா, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் தப்பா, நேரம் போதாமல் அடித்துவிட்டதா. மூன்று வாரம் எழுதினால் உன் வியாதி தெரிந்துவிடும். நான் பார்த்துக் கொடுத்த நோட்டுகளில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் ரொம்பி வழிந்தது. அதற்கு இன்னும் ஆயிரம் ஃப்ளாஷ் கார்டு போட்டால் என்ன பிரயோஜனம்?

பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கார்ஸ் பகுதி தனிக் கதை. 90 நிமிஷம், 9 பத்தி, 53 கேள்வி. உனக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்லக்கூடாது, பத்தியில் இருப்பதை வைத்துத்தான் சொல்லணும். ஆராய்ச்சி பண்ணிய ஆளுக்கு இது கசக்கும். தினம் இரண்டு பத்தி, டைமர் வைத்து, லீவு நாளும் விடாமல் செய். கடைசி மாதத்தில் மொத்தமாகத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதே, கார்ஸ் அப்படிப் பணியாது.

மார்க் 472-இல் ஆரம்பித்து 528 வரை போகும். எம்டி ஸ்கூலில் சேருகிறவர்களின் சராசரி 511, 512 வாக்கில் இருக்கிறது. உன்னுடையது 500-ஐ ஒட்டி இருந்தால் இரண்டு மூன்று பாயின்ட் ஏற்றத்துக்காகப் போய் உட்காராதே. ஒரு வருஷத்தில் 3 தடவை, அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் 4, ஆயுளுக்கும் 7 தடவைதான் எழுதலாம். பரீட்சை முடிவில் வாய்ட் பண்ணினால் மார்க் வராது, ஆனால் ஒரு தடவை கழிந்துவிடும். எம்கேட்டை நடத்தும் ஏஏஎம்சி வெளியிடும் அசல் மாதிரித் தேர்வுகளில் கடைசி மூன்றும் உன் இலக்கைத் தொடவில்லையா, தேதியைத் தள்ளிப் போடு. பத்து நாளுக்கு முன்னாலேயே முடிவெடு, அதற்கப்புறம் மாற்ற விடமாட்டார்கள். மார்க் வர ஒரு மாதம் ஆகும் என்பதால், ஜூனில் அனுப்ப நினைக்கிறவர்கள் ஏப்ரலுக்குள் எழுதிவிடுவது நல்லது.

விண்ணப்பத்தைப் புதிதாக எழுது. பழைய பர்சனல் ஸ்டேட்மென்ட்டில் முதல் பத்தியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போன வருஷ ஃபைல் அந்த ஸ்கூலிலும் இருக்கும், கண்ணு! ஒவ்வொரு அனுபவத்துக்கும் 700 எழுத்துதான் இடம். அதில் தீசிஸ் தலைப்பையே இரண்டு வரிக்கு நீட்டாதே. எலி செத்துப்போய் ஆறு மாத டேட்டா வீணான பிறகு நீ என்ன செய்தாய் என்று எழுது. லேபிலேயே கிடந்ததில் நோயாளி பக்கம் காலியாக இருக்குமே, அதைக் கவனி. இந்த ஒரு வருஷத்தில் டாக்டர் கூடவே இருந்து குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலையோ மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலையோ பார். சம்பளமும் வரும்.

டிஓ (ஆஸ்டியோபதி) ஸ்கூல்களையும் பட்டியலில் சேர். அங்கே சேருகிறவர்களின் எம்கேட் சராசரி 503 வாக்கில்தான். "அது ஹோமியோபதி மாதிரியா?" என்று அப்பா கேட்டால் பொறுமையாகச் சொல்: அவர்களும் முழு டாக்டர்கள், ஆபரேஷனும் செய்வார்கள். 2020-இலிருந்து எம்டி, டிஓ இரண்டு பேருக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒரே அமைப்பின் கீழ்தான். கரீபியன் தீவுக் காலேஜ்காரர்கள் உன் மார்க்கைப் பார்த்ததுமே போன் பண்ணிக் கூப்பிடுவார்கள். அங்கே சேருவது சுலபம். திரும்பி வந்து ரெசிடென்சி மேட்ச் ஆவதுதான் கஷ்டம். அமெரிக்காவில் படித்த எம்டி மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மேட்ச் ஆகிறார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பும் அமெரிக்கக் குடிமக்களில் மூன்றில் இரண்டு பங்குதான். நடுவில் படிப்பை விட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. 21 வயதில் அந்த விசா முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறியிருப்பாய். கிரீன் கார்டு இல்லாதவர்களை நிறைய ஸ்கூல்கள் எடுப்பதே இல்லை. பணம் கட்டும் முன் ஒவ்வொரு ஸ்கூலின் விதியையும் படி. மாஸ்டர்ஸ் முடிந்ததும் ஓபிடி (படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி) நாள் ஓட ஆரம்பித்துவிடும் என்பதால், உனக்கு ஒரு வருஷம் பொறுப்பது வக்கீலிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டிய முடிவு.

நிராகரித்த ஸ்கூல்களுக்கு, சீசன் முடிந்ததும், நாலு வரியில் மெயில் போடு. என்ன குறை என்று கேள், வாதாடாதே. சில இடங்களில் உட்கார்ந்து பேசியே சொல்வார்கள். அப்படியே உன் தீசிஸ் கைடிடம் புது லெட்டரும் கேட்டு வை. பழைய லெட்டர் ஆம்காஸில் அடுத்த வருஷத்துக்குத் தானாக வராது. அவர் சபாட்டிகல் போய்விட்டால் பிடிப்பது கஷ்டம்.